எலும்பும் பீடியும் நெல்லிக்காயும்



சென்ற இதழ்களில் நமது வார்டுகளில் நடக்கும் பணியைக் குறித்து எழுதிவந்தோம். இம்மாதம் ஒரு பாடத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இது பிரசங்கம் அல்ல. எலும்பு முறிவு வார்டில், ஒரு பிணியாளரின் கட்டிலருகே, நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். போதகராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தும், ஒரு முறிந்த எலும்பு எவ்வாறு கூடுகிறது என்பதை அறியாமலே எத்தனையோ பிணியாளருக்கு ஆறுதல் சொல்லி வந்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம்.

கூடாத கால்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த அவருக்கு நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் கட்டட வேலை. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு முறிந்தது. வேறோரிடத்தில் மாவுக்கட்டுப் போட்டு, பிறகு ஊருக்கு வந்து வீட்டில் படுத்திருந்தார். ஐந்து மாதங்கள் கழித்து நம்மிடம் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு முனைகளுக்கும் நடுவே கருப்பாக ஓர் இடைவெளி அப்படியே இருந்தது. கூலி நின்று ஐந்து மாதம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் திருப்பூர் மில்லுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கட்டு பீடி வேண்டும். வார்டில் அனுமதி இல்லாததால், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வெளி வராண்டாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். நாங்கள் அதைக் கண்டு, இது தவறு, சரீரத்தைக் கெடுக்கும் பழக்கம் என்று இரண்டு மூன்று நாட்கள் சொன்னோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய மனைவிதான், “விடுங்க சாமி, வலி தாங்காம ஒண்ணு ரெண்டு குடிக்கிறாரு” என்று சமாதானம் சொன்னார். பிறகு ஒருநாள் டீக்கு என்று அவர் கேட்டபோது நாங்களே பணம் கொடுத்தோம். அது பீடிக்குப் போயிற்று என்று பின்னால் தெரிந்தது. ஒரு பக்கம் கண்டித்தோம், மறுபக்கம் வாங்கியும் கொடுத்தோம். இரண்டினாலும் அவருடைய கால் கூடவில்லை.

எங்கள் எலும்பு முறிவு மருத்துவர் வயதில் இளையவர். அவர் கண்டிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அண்ணா, நீங்க செய்யற வேலையைத்தான் உங்க எலும்புக்குள்ள சில ஆளுங்க செய்யறாங்க. அவங்களை நீங்க வேலை செய்ய விடமாட்டேங்கறீங்க” என்றார். சுவர்ப்பக்கம் பார்த்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பினார். அருகில் நின்ற நாங்களும் கவனிக்கத் தொடங்கினோம். அன்று கேட்டதையும், அதன்பின் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதையும் கீழே தருகிறோம்.

எலும்பு உயிருள்ளது

எலும்பு என்றால் செத்த கட்டை போல என்று பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல. வளர்ந்த மனிதருக்குள்ள 206 எலும்புகளிலும் இரத்தம் ஓடுகிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன. பழைய எலும்பை அரித்து எடுக்கும் உயிரணுக்கள் ஒரு வகை. அவற்றுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். எடுத்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மற்றொரு வகை; அவை ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும். இடிப்பதும் கட்டுவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. எலும்பு முறியும்போது கட்டும் உயிரணுக்களுக்கு அவசர வேலை வந்துவிடுகிறது.

அவை எப்படிக் கட்டுகின்றன? முதலில் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னிப் பரப்புகின்றன. அதன்மேல் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் சேர்ந்த உப்பு படிந்து இறுகுகிறது. கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொலாஜன்தான் கம்பி, சுண்ணாம்பு உப்புதான் கான்கிரீட். கம்பி இல்லாத கான்கிரீட் பாரம் தாங்காமல் வெடிக்கும். கான்கிரீட் இல்லாத கம்பி வளையும். இரண்டும் சேர்ந்தால்தான் தூண். பால் குடித்தால் போதும், கால்சியம் மாத்திரை விழுங்கினால் போதும் என்று நாம் நினைப்பது, கம்பியை மறந்துவிட்டுச் சிமெண்டு மூட்டைகளை மட்டும் இறக்குவது போன்றது.

இந்தக் கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னைதான் என்பதை நம்மில் பலர் அறியோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராயிருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணிபுரிந்த கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ஆம் ஆண்டுகளில், கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்று எழுதினார்கள். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன், கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்தது, அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. முப்புரிநூலின் வலிமையைக் குறித்துச் சபைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் எலும்புகளுக்குள்ளேயே அது முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது எங்களுக்குப் புதிய செய்தியாயிருந்தது.

கட்டுக்கம்பி யார் தருவது?

கம்பிகளை அடுக்கி வைத்தால் மட்டும் போதாது. சந்திப்புகளில் மெல்லிய கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் ஊற்றும்போது கம்பிகள் விலகிப்போகும். கொலாஜனில் அந்தக் கட்டுக்கம்பி வேலைக்கு உதவுவது வைட்டமின் சி. அது இருந்தால்தான் கொலாஜன் இழையிலுள்ள புரோலின், லைசின் என்னும் பகுதிகள் தக்கபடி மாற்றப்பட்டு, மூன்று இழைகளும் பிரியாமல் நிற்கும். அது இல்லாவிட்டால் நமது உடற்சூட்டிலேயே அந்த முறுக்கு பிரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஆஸ்டியோபிளாஸ்டுகளை வளர்க்கிறவர்கள் தட்டில் வைட்டமின் சி சேர்க்காமல் நல்ல எலும்பு இழையைப் பெறமுடியாது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1740-இல் ஆன்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டார். மாதக்கணக்கில் பழமும் கீரையும் இல்லாத பயணத்தில் ஸ்கர்வி நோயால் மாலுமிகள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். அந்தப் பயணத்தின் வரலாற்றில் ஒரு முதிய மாலுமியைக் குறித்து எழுதப்பட்டிருக்கிறது. 1690-இல் நடந்த போரில் முறிந்து, நன்றாகக் கூடி, ஐம்பது ஆண்டுகள் உறுதியாயிருந்த அவருடைய எலும்பு, ஸ்கர்வி வந்தபோது கூடவே கூடாததைப் போல மீண்டும் விட்டுப்போயிற்று. எலும்பை ஒருமுறை கட்டி முடித்தால் போதாது, ஒவ்வொரு நாளும் பராமரிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் எழுந்தார்கள். அந்தப் பழங்களிலிருந்த பொருள் இன்னதென்று தெரிய மேலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜியார்ஜி அதைப் பிரித்தெடுத்து, 1937-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆடும் மாடும் எலியும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனால் முடியாது. அன்றாடம் உணவிலிருந்து பெற்றே ஆகவேண்டும். நாம் எவ்வளவு சார்ந்து வாழும்படி உண்டாக்கப்பட்டிருக்கிறோம் என்பதை இதுவும் நினைப்பூட்டுகிறது.

நிகோடின் செய்யும் வேலை

புகையிலையிலுள்ள நிகோடின், இரத்தத்தில் கலந்து எலும்பு வரைக்கும் போகிறது. எலும்பு கட்டும் உயிரணுக்களின் மேற்புறத்தில் நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ளும் வாயில்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத் தட்டுகளில் மிகக் குறைந்த அளவு நிகோடின் அந்த உயிரணுக்களைச் சற்றுத் தூண்டிவிடுவதும் உண்டு. அளவு கூடும்போது அவை பெருகுவது குறைகிறது, அவை இழை பின்னும் வேலையும் தளர்கிறது. சாராயம் குடித்த கூலியாள் முதலில் வேகமாக ஓடியாடிப் பிறகு மூலையில் படுத்துக்கொள்வதைப் போல என்று மருத்துவர் சொன்னார்.

இரண்டாவது தீங்கு, நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முறிந்த இடத்துக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்தால்தான் கட்டுமானப் பொருள்கள் போய்ச்சேரும். சாலை அடைபட்டால் லாரி எப்படி வரும்?

மூன்றாவது, புகைக்கிறவர்களுக்குப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்காவது, புகையிலுள்ள நச்சுப் பொருள்களை எதிர்ப்பதிலேயே உடலின் வைட்டமின் சி செலவாகிப்போகிறது. ஆகவே புகைப்பவர்களின் இரத்தத்தில் அது குறைவாகவே காணப்படுகிறது. அமெரிக்க நாட்டு மருத்துவக் கழகம் 2000-ஆம் ஆண்டு, புகைப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் அதிகம் தேவை என்று வகுத்தது. கட்டுகிற ஆளையும் தடுத்து, கட்டுக்கம்பியையும் திருடிக்கொண்டு போகிறது பீடி.

இது வெறும் தட்டுகளில் கண்ட செய்தி அல்ல. கால் எலும்பு வெளித்தெரிய முறிந்தவர்களைக் குறித்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 37 சதவீதம் குறைவாயிருந்தது. சீழ் பிடிக்கும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல்.

“பீடி வெறும் இலைதானுங்களே” என்று நம் பிணியாளர்கள் கேட்பதுண்டு. உள்ளே இருப்பது புகையிலைத் தூள்தான். அணையாமலிருக்க அடிக்கடி இழுக்கவேண்டியிருப்பதால் நிகோடின் குறைவதில்லை. வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் நம் தாய்மார்கள், தங்களுக்குப் புகை இல்லையே என்று ஆறுதல் கொள்கிறார்கள். புகை இல்லை, நிகோடின் உண்டு. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார். நமது சபைகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

நம் மாவட்டத்துத் தண்ணீர்

தருமபுரி மக்களுக்கு எலும்பைக் குறித்த கவலை வேறொரு வழியிலும் வந்தது. நம் பகுதியில் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை ஏறும். அளவு இன்னும் மிகுந்து, காலமும் நீண்டால் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போகும். குனிய முடியாத பெரியவர்களை நாம் கிராமங்களில் கண்டிருக்கிறோம்.

புளோரைடு எலும்பு கட்டும் உயிரணுக்களைத் தடுப்பதில்லை, அவற்றை முடுக்கிவிடுகிறது. ஆனால் அப்படிக் கட்டப்படும் எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தடித்துத் தெரிந்தாலும் தரமற்றது, எளிதில் நொறுங்குவது. இதை உலகம் ஒருமுறை கசப்பாகக் கற்றுக்கொண்டது. எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்குப் புளோரைடு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி வெகுவாக உயர்ந்திருந்தும் முதுகெலும்பு முறிவுகள் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ அதிகரித்தன. நிறையக் கட்டுவது வேறு, நன்றாகக் கட்டுவது வேறு.

இந்த நோயைக் குறித்த முதல் ஆராய்ச்சிகளில் சில நம் சென்னை மாகாணத்தில்தான் நடந்தன. 1937-இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய தோழர்களும் அப்போதைய நெல்லூர் மாவட்டத்து மக்களின் எலும்பு நோய்க்குக் காரணம் புளோரைடு என்று காட்டினார்கள். 1940-இல் சி. ஜி. பண்டிட்டும் அவருடன் உழைத்தவர்களும், ஒரே தண்ணீரைக் குடித்தும் சிலருக்கு மட்டும் எலும்பு கடுமையாகப் பாதிக்கப்படுவதற்கு ஏழைகளின் உணவில், குறிப்பாக வைட்டமின் சி-யில், உள்ள குறைவும் ஒரு காரணம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஏழையின் தட்டில் கீரையும் பழமும் இல்லாதபோது தண்ணீரின் தீங்கும் அவரையே அதிகம் தாக்குகிறது.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இது நமது மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் கிடைத்த பெரிய நன்மை. ஆகிலும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் பழைய போர்வெல் தண்ணீரையே குடிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவடையும். இதை ஊரில் சொல்லுங்கள்.

மாத்திரை போதுமா?

அந்தக் கம்பி கட்டுகிறவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ பீடியும் குடிச்சிட்டு, அந்த மாத்திரையும் போட்டுக்கிட்டா கணக்குச் சரியாயிடுங்களா டாக்டர்?” என்றார். வார்டே சிரித்தது. ஆனால் நல்ல கேள்வி. மருத்துவர், “சாகாதுங்கண்ணா, சரியும் ஆகாது” என்றார். வைட்டமின் சி நிகோடினின் தீங்கில் ஒரு பகுதியைத் தணிப்பதாகத் தட்டுகளிலும் விலங்குகளிலும் கண்டிருக்கிறார்கள். அதை நம்பிப் புகைப்பதோ, ஓட்டைக் குடத்தை மூடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாகும். சுருங்கிய இரத்தக் குழாயை மாத்திரை விரிக்காது. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

தேவை சிறிதுதான். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழமே ஒரு நாளின் தேவையைத் தந்துவிடும். நெல்லிக்காயும் முருங்கைக் கீரையும் நம் தோட்டத்தில் உள்ளவை; பாலக்கோட்டுத் தக்காளியிலும் உண்டு. இந்தச் சத்து சூட்டில் அழியும். ஆகவே எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியவேண்டும். கீரையை நெடுநேரம் வேகவிடலாகாது. சுண்ணாம்புச் சத்துக்கு நம் ராகிக் களியைப் போல் மலிவான உணவு இல்லை. களியும் கீரையும் கொய்யாவும் உள்ள வீட்டில் கம்பியும் கான்கிரீட்டும் கட்டுக்கம்பியும் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

ஆதரவாளர்களாகிய நீங்கள் வார்டுகளைச் சந்திக்க வரும்போது அன்போடு பிஸ்கட்டும் ரொட்டியும் கொண்டுவருகிறீர்கள். அதற்காக நன்றி. எலும்பு முறிந்தவர்களுக்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொண்டுவந்தால் இன்னும் நன்றாயிருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு மட்டும் செவிலியரைக் கேட்டுக் கொடுங்கள்.

புகையிலையை விடத் துடிக்கிறவரைக் கண்டிக்கவேண்டாம். அது அடிமைப்படுத்தும் பொருள். விட்ட முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அந்த நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். 1800 11 2356 என்னும் அரசுத் தொலைபேசி உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். அறுவைச் சிகிச்சை குறித்திருந்தால் நான்கு வாரம் முன்பே விடுவது மிகுந்த பயன் தரும். அவ்வளவு நாள் இல்லையென்றால் இன்று விடுவது நாளை விடுவதைவிட நல்லது.

அந்தக் காலின் கதை

அவர் அன்றே பீடியை விட்டுவிடவில்லை. மூன்றாம் நாள் கட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டார். பத்தாம் நாள் ஒருமுறை தவறினார். அதை அவரே வந்து சொன்னார். நாங்கள் பிரசங்கம் செய்யவில்லை. கூட உட்கார்ந்து ஒரு நெல்லிக்காயை இருவரும் கடித்தோம். ஒரு மாதத்துக்குப் பின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து முறிந்த இடத்தில் வைத்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் அந்தக் கருப்பு இடைவெளியில் மெல்லிய மேகம் போல வெண்மை படர்ந்திருந்தது. ஆறாம் மாதம் ஊன்றுகோலில்லாமல் நடந்தார்.

எந்த ஒன்றினால் கூடியது என்று மருத்துவர் சொல்லமாட்டார். அறுவைச் சிகிச்சை, பீடியை விட்டது, வீட்டில் தினமும் கிடைத்த களியும் கீரையும் பழமும், எல்லாம் சேர்ந்துதான் என்பார். அவர் மீண்டும் சாரத்தில் ஏறவில்லை. கீழே நின்று கம்பி வெட்டி வளைக்கும் வேலை. கூலி சற்றுக் குறைவு. மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். கடைசியாகச் சந்தித்தபோது அவர் எங்களிடம் சொன்னது இது: “சாமி, நீங்க தப்புன்னு சொன்னப்போ கோவம் வந்துச்சு. அவரு என் வேலையை வெச்சு சொன்னப்போ எனக்கே வெளங்கிடுச்சு.”

அது எங்களுக்குக் கிடைத்த பாடம். ஒரு மனிதனைத் திருத்த நினைக்கும் முன், அவனுடைய கைகள் அறிந்த மொழியில் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும்.

குழுவாகச் சிந்திக்க

1. கால்சியம் மட்டும் எலும்புக்கு ஏன் போதாது? வைட்டமின் சி-யின் வேலை என்ன?

2. புகைக்காமல் புகையிலை மெல்லுகிறவருக்கு எலும்பில் தீங்கு உண்டா? ஏன்?

3. உங்கள் தெருவில் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதில் புளோரைடு சோதிக்கப்பட்டிருக்கிறதா?

4. கடந்த மாதம் பிணியாளர் ஒருவரைக் கண்டபோது என்ன கொண்டுபோனோம்? என்ன பேசினோம்?

எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவர்களையும், இரவும் பகலும் அவர்களைக் கவனிக்கும் செவிலியரையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.